கூட்டணுமா, கழிக்கணுமா? தொடக்கப் பள்ளிக் கணக்கும் பெற்றோரைச் சென்று சேராத செய்தியும்

மூன்றாம் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வாழ்க்கைக் கணக்கை எழுதி முடிப்பதற்குள் ஒரு கை உயரும், "டீச்சர், இது கூட்டணுமா, கழிக்கணுமா?" என்ற கேள்வி வரும். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் கணக்குப் பாடம் நடத்திய எவருக்கும் இந்தக் கேள்வி பழகியதுதான். கேட்கும் பிள்ளைக்குக் கூட்டவும் தெரியும், கழிக்கவும் தெரியும். கடன் வாங்கிக் கழிப்பதுகூடத் தெரிந்திருக்கலாம். எதிரே எழுதப்பட்டிருக்கும் நான்கு வரிகளில் என்ன நடக்கிறது என்பதுதான் அதற்குப் பிடிபடவில்லை. ஆசிரியர் "கழிக்கணும்" என்று சொன்ன மறுகணம் விடை வந்துவிடும். நோட்டில் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி விழும். மாலையில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோருக்குப் பிள்ளை கணக்கில் கெட்டி என்ற நிறைவு ஏற்படும். உண்மையில் அந்தக் கணக்கைத் தீர்த்தவர் ஆசிரியர். பிள்ளை செய்தது கழித்தல் மட்டுமே.

கல்வித் துறையின் ஆவணங்களில் "சிக்கலைத் தீர்க்கும் திறன்" என்ற தொடரைப் படிக்கும்போது, அது மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கான ஏதோ சிறப்புப் பயிற்சி போலத் தோன்றும். ஏழெட்டு வயதில் அத்திறன் எடுக்கும் வடிவம் மிகச் சாதாரணமானது: ஒரு நிலைமையைப் படித்தோ கேட்டோ, அதில் தெரிந்தது எது, கேட்கப்படுவது எது, முதலில் எதைச் செய்து பார்க்கலாம் என்று தானாகவே பிரித்தறிவதுதான் அது. அந்தச் சாதாரண வேலையே வகுப்பறையில் ஏன் நடக்காமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, உலகக் கணிதக் கல்வியாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கப்பல் தலைவனின் கதையிலிருந்து தொடங்கலாம்.

பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள், இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்தனர்: ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த இரண்டு எண்களை எப்படியோ இணைத்து ஒரு வயதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டனர். 1980-இல் வெளியான இந்த முடிவு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2018-இல் சீனாவின் சிச்சுவான் மாநிலத்திலுள்ள ஷுன்சிங் வட்டாரத்தில் ஐந்தாம் வகுப்புத் தேர்வில் ஏறத்தாழ இதே கேள்வி கேட்கப்பட்டு, பெற்றோர் கொதித்தெழுந்தபோது, கேள்வியையே கேள்வி கேட்கும் துணிவு பிள்ளைகளுக்கு இருக்கிறதா என்று அறியவே அப்படிக் கேட்டதாகக் கல்வி அலுவலர்கள் விளக்கமளித்தனர்.

அந்த 76 பிள்ளைகளை அறிவில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் பள்ளிக்கூடத்தின் எழுதப்படாத சட்டங்களை நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள். பாடநூலில் உள்ள ஒவ்வொரு கணக்குக்கும் விடை உண்டு. கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் பயன்படுத்தியாக வேண்டும். பயன்படுத்த வேண்டிய செயல் அண்மையில் நடத்திய பாடத்திலிருந்துதான் வரும். கழித்தல் பாடத்தின் முடிவில் வரும் வாழ்க்கைக் கணக்குகள் அனைத்தும் கழித்தல் கணக்குகளாகவே இருக்கும்போது, வரிகளைப் படிப்பது வீண் வேலை என்று ஒரு சுட்டிப் பிள்ளை முடிவு செய்தால் அதில் என்ன பிழை?

இந்தச் சட்டங்களுக்கு மேல், நல்லெண்ணத்தோடு ஆசிரியர்களும் வீட்டிலுள்ளோரும் சொல்லிக்கொடுக்கும் ஒரு குறுக்கு வழியும் உண்டு. "மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி" என்பது அது. பத்துக் கணக்குகளில் ஏழெட்டுக்கு இது பலன் தரும் என்பதால்தான் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள்: மாலா தன் தம்பிக்கு 5 கோலிக்குண்டுகளைக் கொடுத்தாள், மீதி அவளிடம் 8 இருந்தன, முதலில் அவளிடம் எத்தனை இருந்தன? "மீதி" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பிள்ளை 3 என்று எழுதும். கொடுப்பதற்கு முன் இருந்தது, கொடுத்த பின் இருப்பதைவிடக் குறைவாக இருக்க முடியுமா என்று அது தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. நாம் கற்பித்த குறுக்கு வழியின் பயனே அப்படிக் கேட்டுக்கொள்ளாமல் விடையை அடைவதுதான்.

வாழ்க்கைக் கணக்கில் தடுக்கி விழும் பிள்ளைகளில் கணிசமானோர் உண்மையில் மொழியில்தான் தடுக்குகிறார்கள் என்பது என் கருத்து. இந்தக் கோணம் நம் விவாதங்களில் போதிய அளவு பேசப்படுவதில்லை. "கண்ணன் வள்ளிக்கு 4 பென்சில் கொடுத்தான்", "கண்ணனுக்கு வள்ளி 4 பென்சில் கொடுத்தாள்" என்ற இரண்டு வாக்கியங்களில் சொற்களின் வரிசை ஒன்றே; ஒரு "க்கு" இடம் மாறியதில் பென்சில்கள் எதிர்த்திசையில் போய்விட்டன. தமிழில் யார் கொடுத்தார், யார் பெற்றார் என்பதை வேற்றுமை உருபும் வாக்கியத்தின் கடைசியில் வரும் வினைமுற்றும்தான் சொல்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையோ சொல்லின் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு விகுதியை விழுங்கிவிடும். வினைமுற்றை எட்டுவதற்குள் வழியிலேயே இரண்டு எண்கள் கண்ணில் பட்டுவிட்டதால் கை கூட்டத் தொடங்கியிருக்கும். ஒப்பீட்டுக் கணக்குகளில் இது இன்னும் கடுமை. "கண்ணனிடம் 12 புளியங்கொட்டைகள் உள்ளன, அது வள்ளியிடம் இருப்பதைவிட 4 அதிகம், வள்ளியிடம் எத்தனை?" என்று கேட்டால், "அதிகம்" என்ற சொல் 16-ஐ நோக்கி இழுக்கும். விடை 8 என்று அறிய, "அது" எதைச் சுட்டுகிறது என்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியும் இதில் சேர்கிறது. வீட்டில் "மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்குப் பாடநூல் "எஞ்சியவை எத்தனை?" என்கிறது. "விற்றது போக" என்ற தொடரில் யாரும் எங்கும் போகவில்லை என்பது பெரியவர்களுக்குத்தான் வெளிப்படை. அதே கணக்கை ஆசிரியர் வகுப்பு மொழியில் ஒரு கதையாகச் சொல்லி, இரண்டு பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி நடிக்கவும் வைத்தால், எழுதிக் கொடுத்தபோது விழித்தவர்களில் பலர் விடையைச் சொல்லிவிடுவார்கள். வாசிக்க வராததைக் கணக்கு வராததாக நாம் பதிவு செய்துகொண்டிருக்கிறோம்.

இதற்கு எளிய ஒரு பயிற்சி உண்டு. கணக்கிலிருந்து எண்களை எடுத்துவிட வேண்டும். "கண்ணனிடம் கொஞ்சம் பென்சில் இருந்தது, வள்ளிக்குச் சிலவற்றைக் கொடுத்தான், இப்போது அவனிடம் முன்பைவிடக் கூடுதலாக இருக்குமா, குறைவாக இருக்குமா?" என்று கேட்டால், கூட்டவோ கழிக்கவோ எண் எதுவும் கைக்குக் கிடைக்காத நிலையில், பிள்ளை கதையைத்தான் யோசித்தாக வேண்டும். இதே போலக் கேள்வி வரியை மட்டும் அழித்துவிட்டு, "இதில் என்னென்ன கேள்விகள் கேட்கலாம்?" என்று பிள்ளைகளிடமே விடலாம். கப்பல் தலைவனின் வயது போன்ற விடையில்லாக் கணக்கு ஒன்றை மாதத்துக்கு ஒரு முறை நடுவில் நுழைத்துவிட்டால், "இது தப்புக் கணக்கு டீச்சர்" என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்பதைப் பிள்ளைகள் விரைவில் தெரிந்துகொள்வார்கள்.

பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் கணக்குப் போடும் விதத்தை ஆராய்ந்தவர்கள் கண்டதையும் இங்கே சொல்ல வேண்டும். நோபெல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தம் குழுவினருடன் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் காய்கறி முதலியன விற்கும் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2025-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களைப் போலச் சென்று, வழக்கத்தில் இல்லாத அளவுகளைக் கேட்டு வாங்கினர். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1.4 கிலோ வாங்கிக்கொண்டு 200 ரூபாய்த் தாளை நீட்டினால் மீதி எவ்வளவு என்பது போன்ற கணக்குகளை அப்பிள்ளைகள் தாளும் பென்சிலும் இல்லாமல் தீர்த்தனர். 43-ஐ 11-ஆல் பெருக்க வேண்டுமானால் 430-உடன் 43-ஐச் சேர்த்துவிடுவது அவர்கள் வழி. அதே பிள்ளைகளிடம் பள்ளிப் பாணியில் வகுத்தலையும் கழித்தலையும் எழுதிக் கொடுத்தபோது பலர் திணறினர். மறுபுறம், சந்தை அனுபவம் இல்லாத பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கணக்குகளில் மேலாக இருந்தும், விற்கும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தீர்த்த ஒரு சந்தைக் கணக்கை அவர்களில் 1 விழுக்காட்டினரே தீர்த்தனர்.

பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினால் கணக்கு வந்துவிடும் என்று இந்த ஆய்வை வாசிப்பது தவறு. குழந்தை உழைப்புக்கு அது சான்றிதழ் அன்று. சந்தையில் கற்றது வகுப்புக்குள் வரவில்லை, வகுப்பில் கற்றது சந்தைக்குப் போகவில்லை என்ற இரு வழித் தடையைத்தான் அது காட்டுகிறது. அந்தத் தடைக்கு நடுவில் நிற்பவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர்.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா, 1945-இல் வெளியிட்ட நூலில் கணக்குத் தீர்ப்பதை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: கணக்கைப் புரிந்துகொள்வது, வழியைத் திட்டமிடுவது, திட்டத்தைச் செயல்படுத்துவது, திரும்பிப் பார்ப்பது. நம் வகுப்புகளில் பெரும்பகுதி நேரம் மூன்றாம் கட்டத்துக்கே போய்விடுகிறது. திரும்பிப் பார்ப்பதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த நாடளாவிய தேர்வின் ஒரு கேள்வி புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஒரு பேருந்தில் 36 பேர் ஏறலாம் என்றால் 1,128 படைவீரர்களுக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும் என்று கேட்டதற்கு, 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்று எழுதினர். 32 என்று சரியாக எழுதியவர்கள் 23 விழுக்காட்டினர். வகுத்தல் தவறாமல் செய்தவர்கள், மீதி 12 பேரையும் சாலையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

தமிழ்நாடு இந்தச் சிக்கலைக் கவனிக்காமல் இருந்துவிடவில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், ஆந்திரத்திலுள்ள ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையத்தின் முறையை அடியொற்றித் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவியது. கற்றல் அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை என்று வகுப்பறையின் தோற்றத்தையே அது மாற்றியது. தன் வேகத்தில் கற்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுத்தது. ஆனால் நாளடைவில் பல இடங்களில் அடுத்த அட்டைக்குப் போவதே குறிக்கோளாகி, ஒரு கணக்கைப் பற்றிப் பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்வது குறைந்துபோனது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதற்கிடையில் தேசியக் கலைத்திட்டம் 2005-க்காக, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். இராமானுஜம் தலைமையிலான குழு தயாரித்த அறிக்கை, பிள்ளையின் சிந்தனை முறையையே கணிதமயமாக்குவதுதான், அதாவது கணித வழியில் யோசிக்கப் பழக்குவதுதான், கணிதக் கல்வியின் முதன்மை நோக்கம் என்று வரையறுத்தது. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அவர்கள் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கிறது. தேவையான ஏற்பாடுதான். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: அரும்பு நிலையிலுள்ள பிள்ளைக்கு முதலில் எண்கள் வரட்டும், சிக்கல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிடக் கூடாது. 12 முறுக்குகளை மூன்று பேருக்குச் சண்டையில்லாமல் பங்கிடுவதற்கு வகுத்தல் குறி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் 45 நிமிடப் பாடவேளை முழுவதும் ஒரே ஒரு கணக்கில் கழிவதுண்டு. முதல் வகுப்பில் 13-இலிருந்து 9-ஐக் கழிப்பது அப்படி ஒரு பாடம். 13-ஐப் பத்தும் மூன்றுமாகப் பிரித்துப் பத்திலிருந்து ஒன்பதை எடுத்து, மிஞ்சிய ஒன்றை மூன்றுடன் சேர்ப்பது ஒரு வழி. முதலில் மூன்றை எடுத்துப் பத்தாக்கிவிட்டு இன்னும் ஆறை எடுப்பது மற்றொரு வழி. ஆசிரியர் வரிசைகளுக்கு இடையே நடந்து, யார் எந்த வழியில் போகிறார் என்று குறித்துக்கொண்டு, பிறகு அவர்களை ஒவ்வொருவராக அழைத்து விளக்கச் சொல்கிறார். வழிகளை ஒப்பிட்டுப் பேசும் அந்தக் கட்டத்துக்கு அங்குள்ள பெயர் மாவைப் பிசைவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தவறான வழியும் கரும்பலகையிலிருந்து அழிக்கப்படாமல் வகுப்பு முடியும்வரை இருக்கும்.

இங்கே 60 பிள்ளைகள் வரையுள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பதே கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேர் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொண்டு, பதிவேடுகளையும் செயலிகளையும் நிரப்பும்போது, ஜப்பானைப் பார் என்று சொல்வது எளிது. எனினும் பல வகுப்புகள் ஒரே அறையில் அமர்வதில் ஒரு வசதி மறைந்திருக்கிறது. சத்துணவுக்கு வந்த முட்டைகளைப் பற்றிய ஒரே கதையை எல்லோருக்கும் சொல்லி, இரண்டாம் வகுப்புக்கு ஓரிலக்க எண்ணும், நான்காம் வகுப்புக்கு முந்நூற்றைத் தாண்டிய எண்ணும் கொடுக்கலாம்; பெரிய பிள்ளை தன் வழியைச் சின்னப் பிள்ளைக்கு விளக்கும்போதுதான் அதில் உள்ள ஓட்டை அதற்கே தெரியவரும்.

இத்தகைய வகுப்புக்குப் பெரிய தடை எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. ஒரு நாள் முழுதும் ஒரே கணக்கைப் பேசிவிட்டுப் பிள்ளை வீட்டுக்குப் போகும். நோட்டில் ஒரு கிறுக்கல் படமும் இரண்டு அடித்தல் திருத்தல்களும் இருக்கும். "இன்னிக்கு ஒரே ஒரு கணக்குத்தான் போட்டாங்களா?" என்று அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் நோட்டில் நான்கு பக்கம் நிறைந்திருக்கிறது. வகுப்பில் என்ன நடந்தது என்ற செய்தி அவருக்குப் போய்ச் சேராத வரையில், நிறைந்த பக்கங்களைத் தவிர அவரிடம் வேறு அளவுகோல் இல்லை.

அந்தச் செய்தி போவதற்கான வாய்க்கால் சட்டப்படியே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழுவை வேண்டுகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் 20 உறுப்பினர்களுடன் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். கூட்டங்களில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், காலை உணவு, பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகள் என்று பேசப்படுகின்றன. இவை எல்லாம் பேச வேண்டியவையே, பேசியதால் பல பள்ளிகளில் கட்டடங்களும் வந்திருக்கின்றன. கற்றலைப் பற்றிய பேச்சு மட்டும் "என் பையன் எப்படிப் படிக்கிறான் டீச்சர்?", "நல்லாப் படிக்கிறான்மா" என்ற இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் வருபவை விடுமுறை அறிவிப்பும் விழாப் படங்களும்தான்.

ஜப்பானில் வகுப்பாசிரியர்கள் பலர் பெற்றோருக்கு ஒரு பக்க வகுப்புச் செய்தி மடல் அனுப்பும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். பாடத்தில் பிள்ளைகள் சொன்னவையும் அதில் இடம்பெறும். இங்கும் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு படம் போதும்: இந்த மாதம் வகுப்பில் பேசிய ஒரு கணக்கு, பெயர் குறிப்பிடாமல் பிள்ளைகள் கண்ட மூன்று வழிகள், அவற்றில் தவறிய வழி எங்கே தவறியது என்ற ஒரு வரி. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அதையே குரல் பதிவாக அனுப்பலாம். தவறான வழியையும் சேர்த்துக் காட்டுவது முக்கியம். அடித்தல் திருத்தலுள்ள நோட்டை வெட்கப்பட வேண்டிய பொருளாகப் பார்க்கும் கண் அதனால்தான் மெல்ல மாறும்.

செய்தி எதிர்த்திசையிலும் வர வேண்டும். "எனக்குக் கணக்கே வராது சார்" என்று ஒதுங்கும் தாய், சுய உதவிக் குழுவின் கடன் தவணைகளை மனத்திலேயே வைத்திருப்பார். பூக்கட்டுபவருக்கு உதிரிப்பூ ஒரு கிலோவுக்கு எத்தனை முழம் வரும் என்று தெரியும். கொத்தனாருக்கு ஒரு சுவருக்கு எத்தனை கல் வேண்டும் என்று தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் இவர்களை வகுப்புக்குள் அழைத்து, தாம் எப்படிக் கணக்கிடுகிறோம் என்று கால் மணி நேரம் சொல்லவைத்தால், சந்தைக்கும் வகுப்புக்கும் நடுவிலுள்ள தடையில் ஒரு வாசல் திறக்கும்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அன்று. திண்ணைப் பள்ளிகள் வாய்பாடுகள் அடங்கிய எண்சுவடியை மனப்பாடம் செய்யவைத்தது உண்மை. அதே மரபில் வந்த காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூல் நிலம், பொன், நெல் என்று வாழ்க்கையிலிருந்தே கணக்குகளை எடுத்தது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண அதில் ஒரு வழி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். இது மெய்யா என்று பண்ருட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்று சோதித்துப் பார்க்கலாம். பழத்தைக் கொண்டுவரப் பெற்றோர் ஒருவர் போதும். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்கவும் வகுக்கவும் தெரியும். எண் ஒத்துவராவிட்டால் முள்ளைத் தவறாக எண்ணினோமா, சிறு முள் என்று எதைச் சொன்னார்கள், ஒரு பழத்தை வைத்து முடிவு சொல்லலாமா என்றெல்லாம் வாதம் எழும். சுளைகளை எண்ணிய கையோடு தின்றுவிடுவார்கள் என்பதால், மறுபடி சரிபார்க்கக் கொட்டைகளை மட்டும் ஒரு தட்டில் போட்டுவைக்கும்படி ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.